ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில்

அன்புள்ள மருமகளே, பொம்மைகளின் பேரரசியே,

இந்த நகரத்து லிஃப்டுகளுக்கெல்லாம் ஒரே காவலனும், தன் தயவில்லாமல் ஒருவரையும் மேலே போகவிடாதவனுமான (வேறு வழியில் மேலே போனவர்கள் இதில் சேர்த்தி இல்லை) உன் தாய்மாமன் நலம். உன் அம்மாவும் நலம். நேற்று உன் கடிதம் வந்த பிறகுதான் நலம். அதற்கு முந்திய ஒன்பது நாளும் சமையலில் அவள் மறந்துபோய் இரண்டு இரண்டு முறை போட்ட உப்பை அள்ளினால் இன்னொரு கடல் உண்டாகும்.

படிப்பு முடிந்தது, கடன் தவணை ஆரம்பிக்கிறது, காப்பீட்டு அலுவலகமும் கூப்பிடுகிறது, சம்பளமில்லாத பொம்மலாட்டக் குழுவும் கூப்பிடுகிறது என்று போன கடிதத்தில் எழுதிவிட்டு நீ சும்மா இருந்துவிட்டாய். இங்கே வீடு இரண்டாகப் பிரிந்தது. அக்கா ஆபீஸ் கட்சி. நான் பொம்மைக் கட்சி. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவனே பொம்மைக் கட்சி என்றால் அப்புறம் யார் என்ன பேச முடியும் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பல் மருத்துவர் கட்டடத்தில் லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நாலு பேர். நான் லிஃப்டின் கூரைமேல் இறங்கி, உள்ளே இருப்பவர்களோடு பேசுகிற ஸ்பீக்கரைத் திறந்து, "பயப்படாதீங்க, பத்தே நிமிஷம்" என்று அபயம் அளித்தேன். அதை மூட மறந்தேன். சரியாக அப்போது அக்காவின் போன். "நீதான்டா அவளைக் கெடுக்கறே, நாளைக்கு பேங்க்காரன் உன் கழுத்தைத்தான் பிடிப்பான்" என்றாள். "பிடிக்கட்டும்க்கா. இன்னும் நூறு வருஷம் லிஃப்ட் மேலயே குடியிருந்து கட்டறேன். அவ பொம்மை ஆட்டட்டும்" என்று முழங்கினேன்.

கீழேயிருந்து ஒரு பல்வலிக்கார அம்மாள் சொன்னாள்: "ஏங்க, குரல் அப்படி நடுங்குதே. பயமா இருந்தா அதையும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்களேன். முதல்ல எங்களை இறக்கி விடுங்க."

இறக்கிவிட்டேன். எனக்கும் பயம்தான் என்று சர்வீஸ் ரசீதின் பின்பக்கத்தில் உனக்கு எழுதவும் செய்தேன். தபாலில் போடவில்லை. போட்டிருந்தால் என் பயத்துக்காக நீ முடிவெடுத்திருப்பாய். நாலு நாள் அது என் சட்டைப்பையில் இடிதாங்கி போல இருந்தது.

நேற்று உன் கடிதத்தில், ஆபீசில் சேர்கிறேன் என்ற வரியில் "சம்பளம்" என்ற சொல்லைப் படித்ததும், பொம்மைக் கட்சித் தலைவனான எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. வெட்கக்கேடுதான். சனி, ஞாயிறு குழுவுக்குப் போகிறேன் என்ற அடுத்த வரியைப் படித்த பிறகுதான் அந்தப் பால் செரித்தது. "பயந்து எடுத்த முடிவு இல்ல மாமா" என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். ஒரு தடவையில் நம்பிக்கை வராததால் மூன்று தடவை படித்து நம்பினேன்.

என்னைப் போலவே ஒரு பொம்மை செய்கிறாயாம், மீசை ஒரு முழமாம். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மீசையை இரண்டு முழமாகத் திருத்து.

ஒரே ஒரு விண்ணப்பம். ஐந்து நாள் விரல்களை ஆபீசுக்குக் கொடு. எனக்கும் தூக்கம் வரும். ஆனால் ஒரு சனிக்கிழமை, களைப்பில், இன்றைக்குப் போகாவிட்டால் என்ன என்று தோன்றினால், அங்கே உன் மாமன் இரண்டு முழ மீசையோடு அந்தரத்தில் பொம்மை நூலில் தொங்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை நான் ஒருநாளும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனதில்லை.

உன் பத்து விரல்களும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பயம் தெளிந்த,
உன் மாமன்