ஜன்னலோர இருக்கையில் ஒரு பை

சின்னசேலம் தாண்டியதும் ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடை பேருந்துக்குள் வந்தது. இந்த வாடைக்கு நீ ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. இன்று நானும் பொத்தவில்லை.

நீ போனபின், ஆலைப் பெண்களைப் பற்றிய நம் புத்தகத்தை இனி நான் ஒருத்திதான் முடிக்க வேண்டும். நீ எடுத்த படங்களை விட்டுவிட்டு, நான் பதிவு செய்த பேச்சை மட்டும் வைத்து முடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னோடு சண்டை போடாமல் உன் பாதியை எழுத எனக்குத் தெரியவில்லை.

சமூக உளவியலில் நாம் வேறு வேறு கட்சி. கூலி, தண்ணீர், உடம்பு, இவைதான் மனதைச் செய்கின்றன என்பாய். பேச்சில்தான் மனம் உருவாகிறது என்பேன். அன்று ஆலையில், கல்வராயன் மலையிலிருந்து ஜவ்வரிசிக்காக லாரியில் வந்திறங்கிய குச்சிக்கிழங்கை அங்கே வேலை செய்யும் அஞ்சலை அக்கா தோலுரித்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. எரியவில்லையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் பழகிப்போச்சுங்க" என்றார். சொல்லும்போதே கை முந்தானைக்குள் போய்விட்டது.

படம் எடுக்கலாமா என்று நீ கேட்டதும் சிரித்தபடி கையை வெளியே நீட்டினார். "மூஞ்சிய உட்டுட்டு கைய எடுக்கிறியே, இன்னா பொண்ணு நீ!"

திரும்பும் வழியெல்லாம் சண்டை. "உன் டேப்புல வாய் மட்டும்தாண்டி இருக்குது. கை எங்க?" என்றாய். உன் படத்தில் கை இருக்கிறது, அது ஒளிந்துகொண்டது எங்கே இருக்கிறது என்று நானும் விடவில்லை. கள்ளக்குறிச்சி நெருங்கும்போதுதான் இருவருக்கும் ஒன்றாக உறைத்தது. கையை மட்டும் பார்த்தால் வலி. சொல்லை மட்டும் கேட்டால் பொறுமை. சொல்லிக்கொண்டே மறைத்தாரே, அந்தக் கூச்சம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. "ரெண்டையும் ஒரே பக்கத்துல போட்டுடு" என்று சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

நம்மை வருடக்கணக்காகப் பார்த்த நடத்துனர்தான் இன்றும். "இன்னா மேடம், இப்பல்லாம் தனியாவே போய்க்கினு கீறீங்க?"

"பழகிப்போச்சுங்க" என்றேன். சில்லறையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். முன் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியில் ஏறிய பெண் ஒருவர் என் அருகில் நின்றார். "அக்கா, அந்தப் பைய எடுத்துக்கிறீங்களா? ஆளு வருதுங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். ஏறியதும் ஜன்னலோரத்தில் பையைப் போட்டு உனக்கு இடம் பிடித்திருக்கிறேன். எப்போதும் கடைசி நிமிடத்தில் ஓடிவருபவள் நீதானே.

பையை மடியில் எடுத்துக்கொண்டேன். அவர் உள்ளே போய் உட்கார்ந்தார்.

உன் படங்கள் புத்தகத்தில் இருக்கும், அக்காவின் சொல்லுக்குப் பக்கத்திலேயே. இன்று என் வாய் சொன்னதை மட்டும் யாராவது பதிவு செய்திருந்தால், நீ இல்லாதது எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எழுதியிருப்பார்கள்.