உள்பக்கம் நனைந்திருந்த மழைக்கோட்டு

அன்புள்ள முரடு,

நான் உன் பையைக் குடையவில்லை. குடைந்தேன் என்று உன் அம்மா போன வாரம் முழுக்க உறவுக்காரர்களிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ கல்லூரி விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. ஈர வாடை வந்தது. துவைக்க வேண்டிய துணி இருக்கும் என்று எடுத்தேன். இதை அவளிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் நாத்தனார் பேச்சு என்று ஆகிவிடும்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத நான் ஒருத்திதான் இருக்கிறேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் அறையைத் துடைத்து, பதக்கங்களை வருட வரிசையில் மாட்டியிருக்கிறேன். நீ மாட்டியிருந்த விதம் சரியில்லை.

பைக்குள் இருந்தது பிளாஸ்டிக் மழைக்கோட்டு. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கோட்டின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தது, உள்பக்கம்தான் நனைந்திருந்தது. அதனடியில் இரண்டு ஸ்வெட்டர்கள், பிழிந்தால் வியர்வை சொட்டும். நடந்துவிட்டு வருகிறேன் என்று நீ காலையில் கிளம்பியது எந்த மாதிரி நடை என்று அப்போது புரிந்தது. ஆனாலும் கோட்டைப் பற்றி உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் விடுப்பு விண்ணப்பம் படித்தவள் நான். உண்மையில் காய்ச்சல் வந்தவன் காய்ச்சல் என்று மட்டும் எழுதுவான். பொய் சொல்பவன் காய்ச்சல், கூடவே வயிற்றுவலி, போதாததற்கு மாமனார் வருகிறார் என்று எழுதுவான். ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்று உன்னைக் கேட்டேன். பல் கூசுது என்றாய். இப்பதான் குடிச்சேன் என்றாய். சாப்பாட்டோட குடிக்கக் கூடாதுன்னு கோச் சொல்லியிருக்கார் என்றாய். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இத்தனை காரணமா?

நெற்றிக் காயம் பயிற்சியில் பட்டது என்றாய். ஆறு வருடம் என் வீட்டில் இருந்து பள்ளிக்குப் போனபோது உன் காயங்களுக்கு மருந்து போட்டவள் நான். மல்யுத்த விரிப்பில் பட்டால் சிராய்ப்பாக இருக்கும். இது நேர்க்கோடாக இருந்தது, வாஷ்பேசின் விளிம்பில் மோதியதைப் போல.

திங்கட்கிழமை உன் பயிற்சியாளரைப் போனில் பிடித்தேன். மரியாதையாகத்தான் பேசினார். ஐம்பத்தேழு கிலோவில் உனக்கு முன்னால் ஒரு சீனியர் இருக்கிறாளாம். ஐம்பத்து மூன்றில் ஆள் இல்லையாம். நீ நான்கு கிலோ இறங்கினால் பல்கலைக்கழகப் போட்டிக்கு அணியில் இடம் கிடைக்குமாம். “எடை பார்க்கிற காலைல மட்டும் அந்த எடை இருந்தாப் போதும் மேடம், அப்புறம் தண்ணி குடிச்சுக்கலாம். எல்லாப் பிள்ளைங்களும் பண்றதுதான். அர்ப்பணிப்பு வேணும்ல?” என்றார். அந்தச் சொல்லை அடிக்கடி சொன்னார். நெற்றிக் காயத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் லைன் சரியில்லை என்றார். எனக்கு அவர் குரல் நன்றாகத்தான் கேட்டது.

எடைப் பிரிவை மாற்றச் சம்மதிக்கும் படிவத்தில் காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே மேடம் என்று கடைசியில் கேட்டார்.

ஆமாம், நான்தான். வாசலில் டாக்சி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, போட்டிக்குப் போற பஸ் பயணத்துக்கு ஒரு கையெழுத்து அத்தை என்று நீ நீட்டிய தாள். கான்வென்டில் சிஸ்டர்களிடம் படித்தவள், படித்துப் பார்க்காமல் எதிலும் பேனா வைக்காதவள், மூக்குக்கண்ணாடியைக்கூடத் தேடாமல் போட்டுக் கொடுத்தேன். ஊருக்குப் போகிறவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தாளைப் பார்க்கவில்லை. அது தெரிந்துதான் நீ அந்த நேரம் பார்த்து நீட்டினாய்.

உன் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. நாலரை மணிக்கு அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிடுவாய். தோழிகள் சினிமாவுக்குப் போனபோது நீ கயிறு ஏறிக்கொண்டிருந்தாய். உன் அக்கா கல்யாணத்தன்று காலையிலும் பயிற்சிக்குப் போய், வீங்கிய காதோடு போட்டோவில் நின்றாய். உன்னிடமிருந்து இவ்வளவும் வாங்கிக்கொண்டவர்கள் இப்போது உடம்பில் இருக்கும் தண்ணீரையும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டுக் கொடுக்கிறாயா, கேட்கும் முன்பே நீயாகக் கொடுக்கிறாயா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று கல்லூரி முதல்வருக்கும் பயிற்சியாளருக்கும் இன்று காலை பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு வந்துதான் உனக்கு எழுதுகிறேன். முன்பே எழுதியிருந்தால் நீ போன் செய்து அழுதிருப்பாய். நானும் அனுப்பியிருக்க மாட்டேன். இந்த வருடம் உனக்கு அணியில் இடம் இல்லாமல் போகலாம். கோபப்படு. உன் அம்மாவிடம் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்.

என் சந்தேகம் தவறு என்றால் அவர்கள் இருவருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதுவேன். அப்படி எழுத வேண்டி வந்தால் சந்தோஷமாக எழுதுவேன். வயிறார உண்டு, தாகம் தீரக் குடித்து, உள்ள எடையில் ஒரு கிராம்கூடக் குறையாமல் நீ வெகுநாள் இருக்க வேண்டும்.

போன் செய்யாதே, போனில் சிரித்து மழுப்பிவிடுவாய். இன்று உன் எடை எவ்வளவு, இதுவரை எத்தனை முறை மயங்கி விழுந்தாய் என்று உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அத்தை