ஆறாம் கூண்டு எலி

இன்று காலை சமையலறையில் வெண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்தேன். கெட்டுப்போன வாடை. மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்கு உன் நினைவு வரும். அந்த வாடை ஒரு நாள் வராமல் போனதில்தான் உன் சாவு தொடங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் அந்தச் சின்ன மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில், உடம்பு இளைக்க மருந்து தேடி நீயும் நானும் மட்டும். தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் பறித்த சிறுகுறிஞ்சான் இலையை ஸ்பிரிட்டில் கழுவி அரைத்து, இலைக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாவை வளர்த்தோம். அதன் சாற்றைக் கொழுப்போடும், கொழுப்பைச் செரிக்கும் நொதியோடும் கலந்து வைப்போம். மறுநாள் கெட்ட வெண்ணெய் நாறினால் நொதி வென்றது, நாம் தோற்றோம். எத்தனை மாதம் நாறியது! ஒரு நாள் ஒரு குழாய் மட்டும் நாறவே இல்லை. "ஒண்ணுமே வரலப்பா! கொழுப்ப அப்படியே விட்டுடுச்சு பாரு!" என்று குதித்தாய்.

எலிகளுக்குக் கொடுத்தோம். இளைத்தன. கொஞ்ச நாளில் நீயும் இளைத்தாய். யாருக்காக இந்த அழகு என்று முதலில் கிண்டல் செய்தேன். பிறகு ஃபிரிட்ஜில் சாறு குறைவதைப் பார்த்து, நீ குடிக்கிறாயா என்று கேட்டேன்.

"எங்கப்பா இதே குண்டு உடம்போட நாப்பதுல மாரடைச்சுப் போனாரு. எனக்கு முப்பத்தெட்டு. எலி நல்லாத்தானே இருக்குது? மேனேஜர்கிட்ட சொல்லிடாத" என்றாய். நான் மறுத்துப் பேச வாயெடுத்ததும், பாகலூர்க்காரன் உனக்கு வீட்டுக் கன்னடம் வந்துவிட்டது. "சும்னிரு" என்று சிரித்தாய். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

எலி நன்றாக இல்லை. வாரம் ஒருமுறை வால் நுனியைக் கீறி ரத்தம் எடுப்பது என் வேலை. அந்த வாரம் ஆறாம் கூண்டு எலிக்கு ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு வைத்து அழுத்தினேன், நனைந்தது. இன்னொன்று வைத்தேன். பிளேடு ஆழமாய்ப் பட்டது என் கைப்பிழை என்று நினைத்தேன். நோட்டில் எழுதினால் திட்டு விழும். எழுதவில்லை. கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏற வேண்டிய, ரத்தத்தை உறையவைக்கும் சத்தும் செரிக்காத அந்தக் கொழுப்போடு வீணாய் வெளியே போய்க்கொண்டிருந்தது என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

அன்று நீ தாடையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்திருந்தாய். காலையில் பட்ட சவரக் காயம், மத்தியானச் சாப்பாட்டின்போதும் கசிந்தது. "புது பிளேடுப்பா" என்றாய். இரண்டு பஞ்சையும் ஒரே நாளில் பார்த்தவன் நான். ஏனோ சேர்த்துப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியில் தலை இடித்தது உனக்கு. பெரிதாக வீங்கக்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் தலைக்குள்ளேயே ரத்தம் கசிந்து, நீ போய்விட்டாய். "இவ்ளோ சின்ன அடிக்காண்ணா?" என்று உன் மனைவி என்னைத்தான் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

இப்போதும் சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டால் கண்ணாடி முன் அப்படியே நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு ரத்தம் நின்றுவிடுகிறது. அதுதான் தாங்கவில்லை. அன்று எழுதாத வரியை இங்கே எழுதுகிறேன். ஆறாம் கூண்டு, ரத்தம் நிற்கவில்லை. குடிக்காதேப்பா.