வராதவருக்கு ஒரு நாற்காலி

என்னங்க,

முப்பது வருஷம் உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். எழுத்திலும் அதுவே இருக்கட்டும்.

நேற்று தேக்கா உணவங்காடிக்குத் தனியாகப் போனேன். நீங்கள் போன இந்த எட்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நிற்க இடமில்லை. தூணோரம் ஒரு சின்ன மேசை கிடைத்தது. யோசிக்கவே இல்லை. கைப்பையிலிருந்து இரண்டு டிஷ்யூ பாக்கெட்டுகளை எடுத்து, எனக்கொரு நாற்காலி, எதிரே உங்களுக்கொரு நாற்காலி என்று வைத்துவிட்டுத் தோசை வாங்கப் போனேன்.

உங்களுக்குப் பிடித்த வினைச்சொல்லாயிற்றே, 'சோப்'. இந்த ஊரே டிஷ்யூ வைத்து இடம் பிடிப்பதற்கு அந்தப் பெயர். மகள் அதை ஆங்கிலக் கட்டுரையில் எழுதி, டீச்சர் சிவப்பு மையில் சுழித்த அன்று நீங்கள் அடித்த கூத்து இருக்கிறதே! சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் நாளெல்லாம் முத்திரை குத்தியவர் இல்லையா. இந்தியில் முத்திரைக்கு 'சாப்', அது மலாய்க்கு வந்து, இங்குள்ள ஆங்கிலத்தில் புகுந்து, கடைசியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டது என்று சோறு ஆறுகிறவரை பேசினீர்கள். இது இங்கிலீஷே இல்ல லா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உங்கள் கதை சரியோ தப்போ, இனி யாரிடம் கேட்பேன்?

ஒன்றில் மட்டும் கறாராக இருந்தீர்கள். முத்திரை குத்தினால் சரக்கு இருக்கணும், சோப் பண்ணினால் ஆள் வரணும் என்பீர்கள். வராத ஆளுக்கு இடம் பிடிப்பது உங்களுக்கு அநியாயம்.

தட்டோடு திரும்பினால், என் வயதில் ஓர் அம்மாள் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறார். டிஷ்யூவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். இந்த ஊரில் யார் அதைச் செய்வார்கள்? ஆள் வருமா என்று கேட்டார். வருவார் என்று சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை. உங்களைக் கேட்டு போன் வந்தால்கூட, வெளியே போயிருக்கிறார் என்றுதானே எட்டு மாதமாகச் சொல்கிறேன். மகளுக்கு அதுதான் கவலை.

அவர் தட்டைத் தூணை ஒட்டிய திண்டில் வைத்து, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார். முழங்கால் வலி போல, காலை மாற்றி மாற்றி வைத்தார். தோசையைத் தள்ளி வைத்தேன். உங்கள் பாக்கெட்டை எடுத்தேன்.

"உக்காருங்கம்மா. எங்க வீட்டுக்காரர் வரமாட்டாரு. தவறிட்டாரு."

சொல்லிவிட்டேன், பாருங்கள். முதல் தடவையாக என் வாயால். அவர் உட்கார்ந்து, தன் வடையில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தார். அழுதுகொண்டே தின்றேன். நல்ல வடை.

கோபமில்லையே?

அடுத்த ஞாயிறும் போவேன். சத்தியமாக ஒரு பாக்கெட்தான் மேசையில் வைப்பேன். இன்னொன்று பையிலேயே இருக்கும். கண் துடைக்க வேண்டுமே.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
மல்லிகா