முகத்துவாரத்துக்கு அப்பால் கேட்காத மணி

சிரஞ்சீவி சிங்காரத்துக்கு, பழவேற்காட்டிலிருந்து உன் அம்மா கஸ்தூரியம்மாள் சொல்லச் சொல்ல, கோட்டை வாசலில் ஓலை எழுதும் வீரராகவப் பிள்ளை எழுதியது. இங்கே நானும் உன் தங்கை குப்பம்மாளும் நம் படகுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நாகப்பட்டினத்தில் நீயும் மருமகளும் பேரப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், இருப்பதாக ஒரு வரி எழுதிப்போட வேண்டும். குப்பம்மாளைக் காட்டூரிலிருந்து பிரசவத்துக்கு அழைத்து வந்துவிட்டேன். மாமியார் வீட்டில் வாயே திறக்காதவள், இங்கே வந்து மாங்காய் கொண்டுவா, கருவாடு சுட்டுக்கொடு என்று என்னை விரட்டுகிறாள். மருமகப்பிள்ளை புதுநெல் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய தைலம் நல்ல வாசனை, வலிக்குத்தான் அது ஒன்றும் செய்யவில்லை.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேச எனக்கு வரவில்லை. போன வாரம் வந்த கடைசிக் கப்பலில் ராஜவேலு என்று ஒரு மாலுமி இறங்கினான், உங்கள் பக்கத்து ஆள். நம் படகை நடத்தும் தண்டல் மாரியும் துடுப்புக்காரர்களும் படகை மணலில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் நின்று, நாகப்பட்டினத்தில் சிங்காரம் என்று ஒரு மேஸ்திரி இருக்கிறான், சாயங்கால மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான், இருட்டும்வரை மூட்டை இறக்க வைத்துவிட்டுப் பகல் கூலி மட்டும் கொடுப்பான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அது வேறு சிங்காரமாக இருக்கும், என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மாரி மட்டும் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். நான் சொன்னது நிஜமா பொய்யா என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

இந்த மணி விவகாரத்தில் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். கோடையில் ஒல்லாந்தர் கோட்டையில் புது உத்தரவு போட்டார்கள். கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் படகுக்காரர்கள் யாராக இருந்தாலும் துடுப்புக்காரனுக்கு இன்ன கூலிக்குக் குறையக் கொடுக்கக் கூடாது, சாயங்கால மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரைக் கூலி, மீறினால் அடுத்த பருவத்துக்குச் சரக்கேற்றும் அனுமதிச் சீட்டு கிடையாது என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். ஒல்லாந்தருக்கு நம் ஆள்மேல் திடீர் பாசம் ஒன்றும் இல்லை. போன பருவத்தில் பாதிப்பேர் கூலி போதாமல் தெற்கே போய்விட்டதால் அவர்கள் துணி மூட்டை நனைந்துபோயிற்று, அவ்வளவுதான். எனக்கும் முதலில் வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். உத்தரவு போடுகிறவன் ஒருவன், கூலி கொடுக்க முந்தானை முடிச்சை அவிழ்க்கிறவள் நானா என்று இருந்தது.

அப்போது உன் சித்தப்பா தாமோதரன் ஒரு வழி கண்டுபிடித்தார். மணி இருப்பது கோட்டையில். கப்பல் நிற்பதோ முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில். சாயங்காலம் கடற்காற்று கரையைப் பார்த்து அடிக்கும்போது மணியோசை அந்தப் பக்கம் போகவே போகாது, அது உனக்கும் தெரியும். கேக்காத மணிக்கு இன்னாத்துக்குக் கூலி, கடலுக்குள்ள இருக்கறவனுக்கு மணி அடிக்கவேயில்லைனு வச்சுக்கோ அண்ணி என்று என்னிடமே வந்து சொன்னார். மற்றப் படகுக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை, மறுத்துப் பேசவும் இல்லை, பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

துடுப்புக்காரர்கள் கூச்சல் போடவில்லை. மாரியின் பெண்டாட்டி முனியம்மா முகத்துவாரத்து மணல்மேட்டில் மீன் காயவைப்பவள் அல்லவா, அங்கே நின்றால் கோட்டை மணியும் கேட்கும், கடலில் இருக்கிற படகும் தெரியும். மணி அடித்ததும் தன் சிவப்புச் சேலையை ஒரு துடுப்பில் கட்டி உயர்த்திவிட்டாள். கடலில் இருந்தவர்கள் அதைப் பார்த்து, மணி அடிச்சாச்சு, இனிமே ஒன்றரை என்று சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டார்கள். கரைக்கு வந்து கேட்டால், உத்தரவுல மணினுதான் இருக்குது, சேலைனு எங்க இருக்குது என்று தாமோதரன் கத்தினார். மறுநாள் துடுப்புக்காரர் ஒருவரும் படகைத் தொடவில்லை. மழைக்கு முன் கப்பல் கிளம்பியாக வேண்டும், சரக்கோ கரையில் கிடக்கிறது. கோட்டைத் தலைவர் கப்பித்தானே, அவர் பேச்சை நமக்குத் தமிழில் சொல்லும் துபாஷியைக் கூட்டிக்கொண்டு மணலுக்கு வந்துவிட்டார்.

படகுக்காரர்களை வரிசையாக நிறுத்தி, நேற்றுச் சேலையைக் கண்டீர்களா என்று துபாஷி கேட்டார். ஒருவரும் காணவில்லையாம். அத்தனை பெரிய சிவப்புச் சேலை! தாமோதரனிடம் கடன் வாங்காதவர் அந்த வரிசையில் யாரும் இல்லை, நான் ஒருத்தியைத் தவிர. என் முறை வந்தபோது, கண்டேன் என்றேன். நம் படகில்தான் ராத்திரி வந்து அலையில் நனைந்து நடுங்கிக்கொண்டு இறங்கினார்கள், அவர்கள் முகத்தையும் கண்டேன் என்றேன். மாரி வேறு படகுக்காரர்களைப் பார்த்து, எங்க காதுல வுழலன்னா மணி அடிக்கலையா, அப்ப நீங்க தூங்கிக்கினு இருக்கச்சொல்லோ பொழுது விடியலையா என்று கேட்டதும் கப்பித்தானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மணல்மேட்டில் கொடிமரம் நடும்வரை முனியம்மா சேலையே மணி என்று தீர்ப்பாகிவிட்டது. அதோடு துபாஷி ஒன்று கேட்டார், மழை தொடங்கியபின் இருட்டில் முகத்துவாரம் கடந்தால் இரட்டைக் கூலி என்று உங்கள் ஊர்க்கட்டு ஒன்று உண்டாமே, கோட்டை உத்தரவு வந்தபின் அது செல்லுமா என்று. கூட நின்ற ஊர்ப் பெரியதனக்காரர், இரண்டில் எது கூலிக்காரனுக்குக் கூடுதலோ அதுதான் செல்லும் என்று சொல்லிவிட்டார். கப்பித்தானும் சரக்கு போனால் போதும் என்று ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து உன் சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. பேத்திக்குக் காது குத்தினார்கள், ஊருக்கே வெற்றிலை வைத்தார்கள், நம் வாசலைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அழுகை வந்தது. குப்பம்மாளுக்குத் தெரியாமல் அழுதேன். ஆனாலும் கடைசிக் கப்பலுக்கு நம் படகுகள்தான் முதலில் போய் முதலில் திரும்பின, ஒரு மூட்டையும் நனையவில்லை, அடுத்த பருவத்துச் சீட்டும் கைக்கு வந்துவிட்டது.

இவ்வளவும் பட்டுவிட்டு நிற்கும்போதுதான் ராஜவேலு வந்து உன் பேரைச் சொன்னான். உனக்கும் செலவு இருக்கும், மேலே இருக்கிறவன் நெருக்குவான், தெரியாமல் இல்லை. ஆனால் இருட்டில் அலைக்குள் போகிறவன் உடம்பு உன் உடம்பு மாதிரிதான்.

கோட்டை மணி இதோ அடித்துவிட்டது. வீரராகவப் பிள்ளை எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். இனி எழுதுவதற்கெல்லாம் இவருக்கும் ஒன்றரைக் கூலியாம், எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது. இதை எழுதமாட்டேன் என்கிறார், கூலி கொடுக்கிறவள் நான், எழுதும் என்றேன். ஆகையால் சுருக்கமாக முடிக்கிறேன். மருமகளுக்கு என் ஆசி. பேரனைக் கிணற்றடிக்குத் தனியாக விடாதீர்கள். குப்பம்மாள் பிரசவத்துக்குத் தாய்மாமன் சீர் மறக்காதே. நீயும் உன் குடும்பமும் ஒருவர் வயிற்றெரிச்சலும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ராஜவேலு அடுத்த பருவத்தில் திரும்பி வருவான், அவன் என்ன சொல்கிறான் என்று கேட்க மாரி கரையில் நிற்பான், நானும் நிற்பேன். வீரராகவப் பிள்ளைக்கு ஒன்றரைக் கூலியை எண்ணி வைத்துவிட்டேன். நீயும் உன் ஆட்களுக்குக் கொடுத்துவிடு கண்ணு.

இப்படிக்கு,
வேறு சிங்காரம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கும் உன் அம்மா,
கஸ்தூரியம்மாள்.