பூச்சாடிக்கு அங்கே இடமில்லை

அப்பா,

நேரில் சொன்னால் எழும்பிப் போய்விடுவீங்கள், அதால் எழுதுறன். நகரசபைக் கூட்டத்தில் நான் கதைத்ததை ஆரோ உங்களுக்குச் சொல்லியிருப்பினம். மானம் போச்சு என்றும் சொல்லியிருப்பினம். சொல்லட்டும்.

ஞாயிறு முழுக்க லா சப்பல் கடைத்தெரு நடைபாதையில் நீங்களும் உங்கடை கூட்டாளிமாரும் ஏன் நிற்கிறீங்கள் என்று கேட்கத்தான் சமூகவியல் படிக்கிற பிள்ளைகளை நகரசபை அனுப்பினது. குலசேகரம் மாமா ஒரு பிள்ளையைப் பார்த்து, "நீ பொலிசோ பிள்ளை?" என்றார். எல்லாரும் சிரித்தீங்கள், ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அவையளும் காரணம் தெரியவில்லை என்று எழுதிக் குடுத்திட்டினம். உடனே நகரசபை, அந்த இடத்தில் பெரிய பூச்சாடிகள் வைப்பம், ஒருத்தரும் நிற்க ஏலாது என்றது.

நான் லிஃப்ட் திருத்துறவன். பழுது எங்கே என்று தெரியாமல் எதையும் கழற்ற மாட்டன். எழும்பிச் சொன்னன்: "அதில் நிற்கிற ஒருத்தர் என்ரை அப்பா. அவருக்குக் காரணம் இருக்கு. பூச்சாடி வேண்டாம், குந்தியிருக்க ஒரு வாங்கு போடுங்கோ."

என்ன காரணம் என்று கேட்டினம். சொல்லவில்லை. அம்மாவின் வெறும் கதிரைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை உங்களால் கழிக்க ஏலாது என்று அவையளுக்கு நான் ஏன் சொல்லவேணும்?

முடிவைத் தள்ளி வைத்திருக்கினம். பிள்ளைகள் திரும்ப வருவினம். இந்த முறை வாயைத் திறவுங்கோ. மாட்டீங்களோ, பரவாயில்லை. பூச்சாடி இறக்க வாற அன்றைக்கு நான் வேலைக்குப் போகாமல் உங்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்பன். இரண்டு பேரையும் தூக்கிவிட்டு வைக்கட்டும்.

சோறு அடுப்பில் இருக்கு. சாப்பிடுங்கோ.

உங்களைப் போலவே பிடிவாதக்காரனான
மகன்