உங்கள் காது இல்லாமல் வாங்கிய லேத்து

கூடப் பிறக்காமலே எனக்கு அண்ணனான சாகுல் காக்கா,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஒரு வெள்ளம் வந்தது. நம் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். மரம் கடைகிற லேத்து துருப்பிடித்து வீணாகிவிட்டது. போகட்டும் என்று அதை விட்டேன். கௌதாரியைக் கூவி அழைக்கிற மர விசிலை விட மனம் வரவில்லை. வேட்டைக்காரர்களை விரட்டிவிட்டு, பறவை பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் கொடுப்போமே, அதைத்தான்.

கப்பல் எஞ்சின் அறையில் காதைத் தொலைத்தவன் நான். கடைவது என் பாடு, கேட்பது உங்கள் பாடு என்று பிரித்துக்கொண்டோம். என்ன காது காக்கா அது! பழைய லேத்து பார்க்கப் போனால் கிட்டேகூட வர மாட்டீர்கள். வாசலில் முதுகைக் காட்டி நின்றபடியே, "தம்பி, எடது பக்கத்து பேரிங் அழுவுது. வேண்டாம், வா" என்று சைகையும் காட்டுவீர்கள். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

போன மாதம் திரேஸ்புரத்தில் ஒரு பழைய லேத்து பார்க்கத் தனியாகப் போனேன். இரண்டு பக்கக் கூர்முனைகளையும் நெருக்கி வைத்தேன். நேருக்கு நேர் தொட்டுக்கொண்டன. அது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. கடைக்கார அண்ணாச்சி ஸ்விட்சைப் போட்டு, "சத்தமே இல்ல, கேட்டுப் பாருங்க" என்றார். வாயசைவில் புரிந்தது. யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! ஒரு குச்சியின் முனையை பேரிங் மூடிமேல் வைத்து, மறுமுனையைப் பல்லால் கடித்தேன். மண்ணை மென்றதுபோல் நறநறவென்று அதிர்வு பல்லில் ஏறியது. பேரிங்கை மாற்றித் தரச் சொன்னேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார், ஆனால் மாற்றித் தந்தார்.

சிமென்ட் தளத்தில் போல்ட் இறக்கி, ரசமட்டம் வைத்து நிறுத்தினேன். கடைசல் நன்றாக வந்தது. குரல்தான் வரவில்லை. விசிலுக்குள் வைக்கிற மெல்லிய நாக்கை எவ்வளவு சீவுவது என்று சொல்ல நீங்கள் இல்லையே. முதல் விசிலை ஊதியதும் என் மனைவி மேரி காதைப் பொத்திக்கொண்டாள்.

"இதுவா கௌதாரி? மீன்காரர் ஹாரன் மாதிரில்லா கேக்கு!" என்று என் காதுக்குள் கத்தினாள்.

அன்று சோறு இறங்கவில்லை. உங்கள் காது இல்லாவிட்டால் என் கை எதற்கும் உதவாத கைதானா?

நீங்கள் சரி சொன்ன விசில்கள் உதட்டில் எப்படி அதிரும் என்பது மட்டும் நினைவிருந்தது. அதை வைத்தே சீவினேன். நேற்றுக் காலை மணல்மேடான தேரிக்காட்டுக்குப் போய் ஊதினேன். ஒன்றுமில்லை. மறுபடி ஊதினேன். உடைமரத்தடியிலிருந்து ஒரு கௌதாரி ஓடிவந்தது. செம்மணலில் நின்று கழுத்தை நீட்டித் தேடியது. அலகு திறந்து திறந்து மூடியது.

எனக்கு எதுவும் கேட்கவில்லை, காக்கா. ஆனால் அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இனி ஒவ்வொரு விசிலையும் தேரிக்குக் கொண்டுபோவேன். கௌதாரி வந்து நின்ற பிறகே அடுத்தவர் கையில் கொடுப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் காதை நம்பியே பிழைத்த தம்பி,
சவரிமுத்து